அளவு ஜாக்கெட்: கரண்ட் வைத்த மார்பில் ஒரு மறுசீரமைப்பு

மதுரையில் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை (பிளாஸ்டிக் சர்ஜரி) செய்கிறவள் நான். இங்கே எழுதப்போவது, புற்றுநோயால் மார்பை இழந்த ஒரு தையல்காரம்மாவுக்கு மார்பைத் திரும்ப உருவாக்கியதைப் பற்றி. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊர், வயது போன்ற ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிகிச்சையில் நான் செய்த தவறுகளை மாற்றவில்லை.

நோயாளி

வயது 47. மேலூர்ப் பக்கத்துக் கிராமம். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். மாமியாரும் உடன் இருக்கிறார். வீட்டுத் திண்ணையை அடைத்து, இருபத்திரண்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறார். சுடிதார், பாவாடை எதுவும் எடுப்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் என்றால் பெண் வீட்டு ஜாக்கெட் பாதி அவர் கையில்தான்.

என்னிடம் வருவதற்கு இரண்டரை வருடம் முன் இடது மார்பில் கட்டி தெரிந்திருக்கிறது. சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய். கட்டியின் அளவு 4.5 செ.மீ. இடது மார்பகத்தை முழுவதும் அகற்றி, அக்குளில் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) எடுத்திருக்கிறார்கள். எடுத்த 14 நெறிகளில் 3-இல் நோய் இருந்தது. ஹார்மோனால் வளரும் வகை (ஹார்மோன் ஏற்பி உண்டு), ஹெர்-2 என்ற புரதம் கூடிய வகை இல்லை. நிலை இரண்டு பி. பிறகு எட்டு கீமோ, அதன் பிறகு பதினைந்து நாள் கதிர்வீச்சு. எங்கள் பக்கம் கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை, 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். இப்போது ஹார்மோனைத் தடுக்கும் தமாக்சிஃபென் மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. நோய் திரும்பியதற்கான அறிகுறி ஏதும் இல்லை.

மற்றவை: சர்க்கரை ஆறு வருடமாக உண்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.6. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 29. இரண்டு பிரசவமும் சிசேரியன், இரண்டாவதோடு குடும்பக் கட்டுப்பாடும் முடிந்துவிட்டது. அடிவயிற்றில் தழும்பு கிடைமட்டமாக இருந்தது. இடது கை வலது கையைவிட ஒன்றரை சென்டிமீட்டர் சுற்றளவு கூடுதல், லேசான நிணநீர் வீக்கம். இடது தோளை 110 டிகிரிக்கு மேல் தூக்க முடியவில்லை.

ஏன் வந்தார்?

மார்பை எடுத்த பிறகு அவர் தானே ஒரு பை தைத்துக்கொண்டிருக்கிறார். லைனிங் துணியில் இரண்டு அடுக்கு, உள்ளே பஞ்சு. பஞ்சு மட்டும் என்றால் கனம் இல்லாமல் மேலே ஏறிவிடுகிறது என்று அடியில் கொஞ்சம் கடுகு. சும்மா சொல்லவில்லை, கைதேர்ந்த வேலை. நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, கடைகளில் விற்கும் பல செயற்கை மார்பகங்களைவிட வடிவம் சரியாக இருந்தது. ஆனால் குனிந்தால் அது இடம் மாறும். தையல்காரருக்குக் குனியாமல் வேலை இல்லை. அளவெடுக்க, துணி வெட்ட, காஜா போட, எல்லாவற்றுக்கும் குனிய வேண்டும்.

ஒரு கல்யாணப் பெண்ணுக்கு டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது பை நழுவிக் கீழே விழுந்து, ஓரத் தையல் விட்டு, கடுகு தரையெல்லாம் சிதறிவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து கடுகைப் பொறுக்கியிருக்கிறார். "அவுக ஏதாச்சும் கேட்ருந்தாக்கூடத் தேவல டாக்டரம்மா. ஒண்ணுமே கேக்கல" என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து அளவெடுப்பது மகள் வேலை ஆகிவிட்டது. மகள் கல்லூரிக்குப் போகும் நாளில் யார் வந்தாலும் "அளவு ஜாக்கெட் இருந்தாக் குடுத்துட்டுப் போங்க" என்பார்.

அவருக்கென்று ஓர் அளவு ஜாக்கெட் இல்லாமல் போனதையும் அன்றுதான் சொன்னார். பழைய ஜாக்கெட்டுகளை எல்லாம் பிரித்துக் கைக்குட்டையாகவும் கரித்துணியாகவும் ஆக்கிவிட்டாராம்.

முதல் சந்திப்பில் நான் செய்த தவறு

மாசிக் கடைசியில் வந்தார். பரிசோதித்தேன். இடது மார்பில் குறுக்குத் தழும்பு. கரண்ட் வைத்த இடத்தில் தோல் கருத்து, விலா எலும்போடு ஒட்டி, காய்ந்த தோல் போல விறைத்திருந்தது. விரலால் கிள்ளி எடுக்க முடியவில்லை. இப்படிப்பட்ட தோலுக்கடியில் சிலிக்கான் வைத்தால் நிலைப்பது கடினம். ஆகவே உடம்பின் வேறொரு இடத்திலிருந்து சதையும் தோலும் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தேன். அது சரிதான்.

எங்கிருந்து கொண்டுவருவது என்பதில்தான் அவசரப்பட்டேன். சர்க்கரை இருக்கிறது, உடல் எடை கூடுதல், நீண்ட மயக்கம் வேண்டாம் என்று கணக்குப் போட்டு, முதுகுத் தசை மடல் என்று சொன்னேன். அக்குளுக்குக் கீழே முதுகை அகலமாக மூடியிருக்கும் தசையை, அதன் மேல் ஒரு பிறை அளவு தோலோடு, ரத்தக்குழாயை அறுக்காமல் அக்குள் வழியே முன்பக்கம் திருப்பிக் கொண்டுவருவது. இத்தாலியில் இஜினியோ தன்சினி 1906-இல் விவரித்த முறை. இன்றும் நம்பகமானது. மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும். நுண்ணோக்கியில் பார்த்து ரத்தக்குழாய் தைக்கும் நுண் அறுவை தேவையில்லை. காகிதத்தில் எல்லாம் பொருந்தியது.

அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி, "முதுகுச் சதைய எடுத்தா இந்தக் கையால துணிய இழுக்க முடியுமாங்க?" என்றார்.

எதற்கு இழுக்க வேண்டும் என்று கேட்டேன். அப்போதுதான் தையல் என்ற பேச்சே வந்தது. அதுவரை அவர் கொண்டுவந்த எந்தக் காகிதத்திலும், நான் எழுதிய குறிப்பிலும்கூட, தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்றே இருந்தது. இரண்டரை வருடத்தில் எத்தனை டாக்டர்கள், எத்தனை சிஸ்டர்கள் பார்த்திருப்போம். ஒருவரும் கேட்கவில்லை. கடுகுப் பையின் கதை வந்ததும் அதற்குப் பிறகுதான்.

என் மேசையிலேயே செய்து காட்டினார். வலது கை சக்கரத்தில். இடது கை மெஷினுக்குப் பின்னால் போய், தைத்து வெளியே வரும் துணியைத் தாளம் தப்பாமல் பின்னுக்கு இழுக்கும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இதே அசைவு. முன்னே நீட்டிய கையைக் கீழும் பின்னும் இழுப்பது அந்த முதுகுத் தசையின் வேலை. சாதாரண நாளில் மற்றத் தசைகள் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளும். தசையை எடுத்த பல பெண்களுக்கு வீட்டு வேலையில் குறை தெரிவதில்லை. ஆனால் இவருக்கு ஏற்கெனவே தோள் இறுகியிருக்கிறது, கை வீங்கியிருக்கிறது. அந்தக் கைதான் வீட்டுக்குச் சோறு போடுகிறது. போதாக்குறைக்கு அக்குளில் நெறி எடுத்தபோது அந்தத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடிபட்டிருக்கவும் வாய்ப்புண்டு.

நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அடுத்த வாரம் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

இரண்டாவது சந்திப்பு: வழிகளைப் பேசியது

கணவரோடு மாமியாரும் வந்திருந்தார். கணவர் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்: "உசுரு பொழச்சதே போதும்னு நான் சொல்றேங்கம்மா. இவதான் கேக்க மாட்டேங்குறா." அவரைக் குறை சொல்ல மாட்டேன். கீமோவுக்கு வண்டியை விற்றுவிட்டு வாடகை வண்டி ஓட்டியவர். இன்னொரு ஆபரேஷன் என்றாலே அவருக்குக் கை நடுங்கியது. பேச்சை வாங்கியது மாமியார்தான். "தாயி, இவ கோலம் போடயில ஒரு கையால நெஞ்சப் பிடிச்சுக்கிட்டே போடுறா. ரெண்டு வருசமா பாத்துக்கிட்டிருக்கேன். அதுக்கு ஒரு வழி இருந்தாப் பண்ணிவிடு." அதன் பிறகு கணவர் எதிர்த்துப் பேசவில்லை.

"பிளாஸ்டிக் சர்ஜரின்னா உள்ள பிளாஸ்டிக் வைப்பீகளா?" என்று மாமியார் கேட்டார். நூற்றுக்குத் தொண்ணூறு குடும்பம் இதைக் கேட்கும். உருக்கொடுப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது, பொருளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன்.

பிறகு ஒவ்வொரு வழியாகப் பேசினோம். முதலில் சொன்னது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. இதைப் பல டாக்டர்கள் சொல்வதே இல்லை. உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் நல்ல சிலிக்கான் மார்பகம், அதற்கென்று பை வைத்துத் தைத்த உள்ளாடை, இரண்டும் சரியாக அமைந்தால் பலருக்கு அதுவே போதும். என்னிடம் வரும் இன்னொரு அம்மா, உசிலம்பட்டிப் பக்கம் களை எடுக்கப் போகிறவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "எனக்கு இது போதும் தாயி" என்று அதையே எடுத்துக்கொண்டார். நான்கு வருடமாக நன்றாக இருக்கிறார். அது அரைகுறைச் சிகிச்சை இல்லை. நம் தையல்காரம்மாவுக்குக் குனிவதுதான் பிரச்சினை. அதோடு மதுரை வெயிலில், கரண்ட் வைத்த தோலில், சிலிக்கான் ஒட்டிப் புண்ணாகிறது என்றார். முயன்று பார்த்துவிட்டுத்தான் கடுகுப் பைக்குப் போயிருக்கிறார்.

அடுத்து இம்பிளான்ட். முதலில் தசைக்கடியில் ஒரு காலிப் பை வைத்து, வாரா வாரம் ஊசி வழியே உப்பு நீர் ஏற்றித் தோலை விரித்து, சில மாதம் கழித்து அதை எடுத்துவிட்டு சிலிக்கான் வைப்பது. சிலிக்கான் இம்பிளான்ட் 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் முதன்முதலாக வைக்கப்பட்டது. வேறு எங்கும் வெட்ட வேண்டியதில்லை, ஆபரேஷன் சிறியது, ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாளும் குறைவு. மார்பை எடுக்கும் அன்றே செய்கிற பெண்களில் பலருக்கு இது நல்ல வழி. ஆனால் கரண்ட் வைத்த மார்பில் இம்பிளான்டைச் சுற்றி உடம்பு கட்டும் உறை இறுகி, வடிவம் கோணிக் கல் போல ஆகிவிடும் வாய்ப்பு அதிகம். தோல் கிழிந்து இம்பிளான்ட் வெளியே தெரிவதும் உண்டு. சர்க்கரை இருந்தால் கிருமித் தொற்று வேறு. இம்பிளான்ட் ஆயுளுக்கும் வருவதும் இல்லை, ஒரு கட்டத்தில் மாற்ற வேண்டிவரலாம். மேற்பரப்பு சொரசொரப்பான சில வகைகளுக்கும் அரியதொரு நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிந்து, 2019-இல் ஒரு நிறுவனத்தின் தயாரிப்புகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதையும் சொன்னேன். அவர் விரலால் தன் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "இந்தத் துணி விரியாது. இதுல கப் வராது" என்றார். நான் பத்து நிமிடம் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

கொழுப்பை மட்டும் ஊசியால் எடுத்து நிரப்புவது தனியாக ஒரு முழு மார்பைத் தராது. பல தடவை செய்ய வேண்டும், பாதி கரைந்துபோகும்.

மீதி இருந்தது அடிவயிறு. தொப்புளுக்குக் கீழே இருக்கும் தோலும் கொழுப்பும் மார்புக்கு மிக இணக்கமானவை. கனம், மென்மை, தொங்கும் விதம் எல்லாம் ஒத்துப்போகும். 1982-இல் ஹார்ட்ராம்ப் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட முறையில் வயிற்று நேர்தசையையும் சேர்த்துத் திருப்பி மேலே கொண்டுவருவார்கள். அதை டிராம் என்பார்கள். தசை போய்விடுவதால் வயிற்றுச் சுவர் பலவீனமாகிக் குடலிறக்கம் வரலாம். பின்னர் வந்த டீப் முறையில் தசையை அங்கேயே விட்டுவிட்டு, தசையைத் துளைத்துத் தோலுக்கு வரும் சின்ன ரத்தக்குழாய்களை மட்டும் பிரித்தெடுத்து, மார்பெலும்புக்குப் பக்கத்தில் ஓடும் குழாய்களோடு நுண்ணோக்கியில் பார்த்து இணைப்போம். ஜப்பானில் கோஷிமா 1989-இல் இந்த வகை மடலை விவரித்தார். மார்பகத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஆலன்.

இதில் ஆபத்தும் சொன்னேன். எட்டிலிருந்து பத்து மணி நேர ஆபரேஷன். இணைத்த குழாய் அடைத்தால் மடல் முழுவதும் செத்துப்போகும். பழகிய கைகளில் நூற்றுக்கு ஓரிரண்டு முதல் ஐந்து வரை அப்படி ஆகலாம். வயிற்றில் இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை தழும்பு. ஆறு வாரத்துக்கு கனம் தூக்கக் கூடாது. புது மார்பில் தொடு உணர்வு பழையபடி வராது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆடில பண்ணலாங்களா?" ஆடியில் கல்யாணம் இல்லை, தையல் குறைவு. ஆவணி முகூர்த்தத்தை விட்டாலும் புரட்டாசியில் மெஷினில் உட்கார்ந்தால் தீபாவளி வேலையைப் பிடித்துவிடலாம். நான் வைத்திருந்த கால அட்டவணையைவிட அவருடையது சரியாக இருந்தது. ஏனென்றால் எனக்கும் அந்த நான்கு மாதம் தேவைப்பட்டது.

தயாரிப்பு

சர்க்கரையைக் குறைக்க வேண்டும். தோளை இளக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் கத்தியை எடுத்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும். நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி 8.6-இலிருந்து 7.1-க்கு வந்தது. பிசியோதெரபியில் தோள் 155 டிகிரி வரை ஏறியது. வாசல் நிலையில் சாக்பீஸால் கோடு போட்டு, தினமும் விரல் எவ்வளவு உயரம் போகிறது என்று மாமியார் குறித்துவைத்திருக்கிறார்.

ரத்தக்குழாய் தெரிவதற்கான மருந்து (கான்ட்ராஸ்ட்) கொடுத்து வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்ததில் வலது பக்கம் தொப்புளுக்குக் கீழே இரண்டு நல்ல துளைக்குழாய்கள் தெரிந்தன. சிசேரியன் தழும்பு தொந்தரவு செய்யவில்லை. தழும்பு நெட்டுக்குத்தாக இருந்திருந்தால் மடலின் ஒரு பாதியை விடவேண்டி வந்திருக்கும். தமாக்சிஃபென் ரத்தம் உறையும் போக்கைக் கூட்டும் என்பதால் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தினோம்.

சேர்ந்த அன்று மாலை, என்ன நூலில் தைப்பீர்கள் என்று கேட்டார். ரத்தக்குழாய் தைக்கும் ஒன்பது சைபர் நைலானை ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினேன். தலைமுடியில் பாதி கனம் இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, இறக்கிவிட்டு, விளக்குப் பக்கம் திருப்பித் தேடினார். கண்டுபிடித்ததும், "இதுல ஊசி எங்கிட்டுக் கோப்பீக?" என்றார். ஊசி நூலோடு ஒட்டியே வரும், காது கிடையாது என்றேன். நெடுநேரம் அந்தத் துணியைக் கையிலேயே வைத்திருந்தார். கையெழுத்துப் போடும் தாளைவிட அவருக்கு நம்பிக்கை கொடுத்தது அந்த நூல்தான் என்று நினைக்கிறேன்.

ஆபரேஷனும் அந்த இரவும்

இரண்டு குழுவாகச் செய்தோம். ஒரு குழு வயிற்றில் மடலை எடுக்க, இன்னொன்று மார்பில் தழும்பை நீக்கி, விறைத்த தோலைத் தளர்த்தி, மூன்றாவது விலாவின் குருத்தெலும்பில் ஒரு துண்டை எடுத்து உள்ளே இருக்கும் குழாய்களை வெளிக்கொணர்ந்தது. கரண்ட் பட்ட குழாய்கள் நொறுங்கும் தன்மையுடையவை. தமனி நன்றாக இருந்தது, சிரை மெலிந்திருந்தது. மடலின் எடை 610 கிராம். எட்டரை மணி நேரம். முடித்து வெளியே வந்தபோது மடல் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது.

முதல் இரண்டு நாள் மணிக்கொரு தடவை சிஸ்டர்கள் நிறம் பார்ப்பார்கள், விரலால் அழுத்தி விட்டு ரத்தம் திரும்பும் வேகம் பார்ப்பார்கள், பேனா போன்ற டாப்ளர் கருவியை வைத்து ரத்தம் ஓடும் ஓசை கேட்பார்கள். அன்று இரவு 2.40-க்கு எனக்கு ஃபோன் வந்தது. "மேடம், டாப்ளர் கேக்குது. ஆனா கலர் எனக்குப் பிடிக்கல." அவ்வளவுதான் சொன்னார். ஓசை கேட்கிறது என்று சமாதானமாகி அடுத்த மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் விட்டிருந்தால் மடல் போயிருக்கும். போய்ப் பார்த்தபோது கத்தரிப்பூ நிறம். அழுத்தி விட்டால் ரத்தம் சட்டென்று திரும்புகிறது. ஊசி நுனியால் குத்தினால் கருத்த ரத்தம் பொலபொலவென்று வருகிறது. உள்ளே போகும் ரத்தம் போகிறது, வெளியேற வழி இல்லை. சிரை அடைத்திருக்கிறது.

மூன்றரை மணிக்கு மறுபடியும் தியேட்டர். விலா எலும்பின் ஓரத்தில் சிரை மடங்கி உறைகட்டியிருந்தது. மெலிந்த சிரையைப் பற்றி எனக்கு முதலிலேயே சந்தேகம் இருந்தது. அன்றே இரண்டாவது சிரையையும் இணைத்திருக்க வேண்டும். எட்டு மணி நேரக் களைப்பில் ஒன்று போதும் என்று விட்டேன். அது என் தவறு. உறைகட்டியை எடுத்து, பழைய இணைப்பைப் பிரித்து மறுபடி தைத்து, மடலின் மேலாகப் போகும் இன்னொரு சிரையையும் இணைத்தோம். கிளிப்பை எடுத்ததும் நிறம் திரும்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஊதா வடிந்து, ஓரத்திலிருந்து நடுவுக்குச் சிவப்பு பரவியது. அந்த சிஸ்டர் ட்யூட்டி முடிந்தும் போகாமல் வாசலில் நின்றிருந்தார்.

மறுநாள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "பிரிச்சுத் தைக்கிறது எங்க வேலைலயும் உள்ளதுதானங்க" என்றார்.

எட்டாம் நாள் வீட்டுக்குப் போனார். இரண்டு வாரம் கூன் போட்டே நடந்தார், வயிற்றுத் தையல் இழுக்காமலிருக்க முழங்காலுக்கடியில் தலையணை வைத்துத் தூங்கினார். வயிற்றுத் தழும்பின் ஒரு மூலையில் அரை இஞ்ச் பிரிந்து, கட்டுப் போட்டே ஆறியது.

பதினொரு நாள்

இதை நான் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அவர் மிக அதிகமாகக் கஷ்டப்பட்டார். அந்தக் கஷ்டம் என்னால் தவிர்த்திருக்கக் கூடியது.

மூன்றாம் மாதம், தீபாவளி நெருக்கம். குளிக்கும்போது புது மார்பின் மேல் ஓரத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கெட்டியாக இருந்தது, வலி இல்லை. முதல் கட்டியும் இப்படித்தான் இருந்தது. பதினொரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, எனக்கும் ஃபோன் செய்யவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து தைத்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள், வாங்கிவைத்திருந்த முப்பத்திரண்டு ஜாக்கெட்டையும் முடித்துக் கொடுத்துவிட்டு, மாட்டுத்தாவணியில் பஸ் இறங்கி நேரே வந்தார். "திருப்பி வந்திருச்சுங்க. வேலயெல்லாம் முடிச்சுட்டேன். இப்பச் சொல்லுங்க" என்றார்.

ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதை எடுத்துப் பரிசோதித்தோம். கொழுப்புச் சிதைவு. மடலின் ஓரத்தில் ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் கொழுப்பு செத்து, கெட்டிப்பட்டு நிற்பது. சிரை அடைத்த மடல்களில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. புற்றுநோய் இல்லை. ஆனால் தொட்டுப் பார்த்து மட்டும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது, பரிசோதித்தே ஆக வேண்டும்.

இப்படி ஒரு கட்டி வரலாம் என்று நான் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பதினொரு இரவு இருந்திருக்காது. இப்போது ஆபரேஷனுக்கு முன் எல்லோரிடமும் சொல்கிறேன்: கட்டி தட்டுப்பட்டால் அன்றே ஃபோன் செய்யுங்கள், பெரும்பாலும் அது கொழுப்பாக இருக்கும், ஆனாலும் பார்த்துவிடுவோம். மார்பைத் திரும்ப உருவாக்குவதால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதில்லை. வந்தாலும் தெரியாமல் மறைந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. திரும்பும் நோய் பெரும்பாலும் தோலிலும் தோலுக்கடியிலும் தெரியும். வலது மார்புக்கு வருடாவருடம் மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வழக்கம்போல எடுக்க வேண்டும்.

இஸ்திரிப் பெட்டி

இதுவும் தொழிலைக் கேட்டதால் தெரிந்தது. புது மார்பில் உணர்வு இல்லை. "கை வச்சா வேற யாரு மேலயோ வச்ச மாதிரி இருக்கு" என்பது அவர் சொன்னது. உணர்வில்லாத தோலுக்குச் சூடு தெரியாது. சுடுநீர்ப் பை வைத்து ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் போட்டுக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். இவர் நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டிக்கு மேல் குனிகிறவர். மகளை விட்டு, கடையின் இஸ்திரி மேசை உயரத்தை அளந்து அனுப்பச் சொன்னேன். நெஞ்சுக்கு மிக நெருக்கமாக இருந்தது. கால்களை அறுத்து நான்கு விரற்கடை இறக்கினார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த வரி கிடையாது. ஆனால் அவர் கோப்பில் இப்போது இருக்கிறது.

பரிசீலனை

மார்பை எடுக்கும் முன் யாராவது அவரிடம் மறுசீரமைப்பைப் பற்றிச் சொல்லியிருந்தார்களா என்று கேட்டேன். இல்லை. சொல்லியிருந்தால் அன்றே செய்திருப்போமா என்றால், அதுவும் இல்லை. நெறியில் நோய் இருந்து, கரண்ட் கட்டாயம் என்ற நிலையில் நானும் தள்ளிவைக்கத்தான் சொல்லியிருப்பேன். கரண்ட் முடிந்து ஆறு மாதமாவது தோல் ஆறட்டும் என்றே காத்திருந்திருப்போம். ஆனால் பின்னால் ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்து மார்பை இழப்பது வேறு, கதவே இல்லை என்று நினைத்து இழப்பது வேறு. பழைய ஜாக்கெட்டுகளைப் பிரித்துக் கரித்துணி ஆக்கியது எந்த நிலையில் என்று யோசித்துப் பாருங்கள். சிறிய கட்டியாக இருந்தால், மார்பை வைத்துக்கொண்டே கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைப்பதும் பலருக்கு முடியும். உயிர் பிழைப்பதில் அதற்கும் முழு மார்பை எடுப்பதற்கும் வித்தியாசமில்லை என்பதை இருபது வருடத் தொடர் கண்காணிப்பு முடிவுகள் 2002-இலேயே காட்டிவிட்டன. அதையும் முன்கூட்டியே பேச வேண்டும்.

பணம் பற்றி. தனியார் ஆஸ்பத்திரியில் டீப் லட்சங்களில் முடியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒட்டுறுப்புத் துறை இருக்கிறது. நம் மதுரைப் பெரியாஸ்பத்திரியிலும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில், எந்த முறைக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் காப்பீட்டில் 'இது அழகுக்காகச் செய்வது' என்று திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. இவருடைய கணவர் வைத்திருந்த பாலிசியிலும் முதலில் அப்படித்தான் பதில் வந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது விலக்குகளில், தோற்றத்தை மாற்றும் சிகிச்சை விலக்கு என்று சொல்லும் அதே பிரிவு, விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் மறுசீரமைப்பை அந்த விலக்கிலிருந்து வெளியே வைத்திருக்கிறது. மருத்துவச் சான்றோடு அந்த வரியைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினோம். ஒரு பகுதி கிடைத்தது.

அழகுக்காக என்ற சொல் எனக்குக் கோபம் தருகிறது. 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மார்பகப் பிளாஸ்டிக் சர்ஜரியை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்ய முன்வந்தபோது, வரிப்பணத்தில் இது தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. கடுகைப் பொறுக்கிய அந்தத் திண்ணையில் அவர்கள் ஒரு நிமிடம் நின்றிருக்க வேண்டும்.

ஒரு வருடப் பரிசோதனை

நோய் இல்லை. கை வீக்கம் கூடவில்லை. வயிற்றில் குடலிறக்கம் இல்லை. கொழுப்புக் கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. இடது மார்பு வலதைவிடக் கொஞ்சம் சிறியது, சற்று மேலே நிற்கிறது. வலது மார்பை அதற்கேற்ப ஏற்றித் தைக்கலாம் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். அவரே தைத்துக்கொண்ட மாம்பழ மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டு வந்திருந்தார். விளக்குத்தூண் பக்கம் எடுத்த சுங்குடிக்குப் பொருத்தமாக. முன்பக்கம் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. எப்படி என்று கேட்டேன். "இடது டாட்டக் கால் இஞ்ச் ஏத்தி, ஒரு நூல் உள்ள பிடிச்சிருக்கேன். நீங்க விட்டத நான் முடிச்சுட்டேன்" என்று சிரித்தார். தன் அளவுக்கு இதுதான் இனி அளவு ஜாக்கெட் என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறாராம்.

முலைக்காம்பை உருவாக்குவது பாக்கி. உள்ளூர்த் தோலையே மடித்து, மரத்துப்போகும் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் செய்யலாம், நிறத்துக்குப் பச்சை குத்தலாம் என்று விளக்கினேன். படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். அவசியமா என்று கேட்டார். அவசியம் என்று எதுவும் இல்லை, வேண்டுமென்றால் செய்யலாம் என்றேன்.

"தை முகூர்த்தமெல்லாம் முடியட்டும் டாக்டரம்மா" என்றார். "யோசிச்சுச் சொல்றேன்."